ரிப்போர்ட்டில் இல்லாத ஒரு வரி

நமது சங்க இதழில் இதற்கு முன் நான் எழுதியவை கோலப் போட்டி, பள்ளி ஆண்டு விழா பற்றிய குறிப்புகள்தாம். இம்முறை ஒரு வியாதியைப் பற்றி எழுதத் துணிந்திருக்கிறேன். நான் டாக்டர் அல்ல. தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் 31 வருடம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். என் வீட்டுக்காரர் 2018ஆம் வருடத்திலிருந்து வாரம் மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம், டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அந்த நான்கு மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் நான். படிக்கத் தெரிந்தவளுக்கு அத்தனை மணி நேரம் கிடைத்தால் எதையாவது படிக்காமல் இருக்க முடியுமா?

விஷயம் குளியலறையில் ஆரம்பித்தது. போன வருடம் மழைக்காலத்தில் இவர் வழுக்கி விழுந்து வலது கையை ஊன்றிவிட்டார். இடது கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது, அதைக் காப்பாற்றத்தான் வலது கையைக் கொடுத்திருக்கிறார். செம்பூரில் எங்கள் தெருமுனையிலுள்ள எலும்பு டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பு உடையவில்லை" என்றார். எங்களுக்கு நிம்மதி. ஆனால் அவர் படத்தை விளக்குப் பலகையிலிருந்து எடுக்கவில்லை. மணிக்கட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் இணையாக ஓடின. இவர் என்னைப் பார்த்து, "ஏளா, இது எந்த எலும்பு? சயன்ஸ் டீச்சர்தானே நீ" என்றார். எனக்கும் தெரியவில்லை. அது எலும்பே இல்லை, ரத்தக்குழாய் என்றார் டாக்டர். எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரியக் கூடாது. தெரிகிறது என்றால் அதன் சுவரில் சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று அர்த்தம். டிராம் தண்டவாளம் போல் இருக்கிறது என்று மருத்துவப் புத்தகங்கள் இதை வர்ணிக்கின்றனவாம். பம்பாயில் டிராம் ஓடுவது 1964இல் நின்றுபோனது. என் மாமனார் தாதரில் ஏறி இறங்கிய கதைகள் சொல்வார். அந்தத் தண்டவாளம் அவருடைய மகன் கைக்குள் இருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கலாம். ஊரில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்த பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகச் செதில் படியுமே, சுரண்டினாலும் போகாதே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். மாரடைப்புக்குக் காரணமான கொழுப்பு அடைப்பு வேறு. அது குழாயின் உள்பக்கத்தை அடைப்பது. இது குழாயின் சுவரையே இறுக்குகிறது. ரப்பர் குழாய் சிமெண்டுக் குழாய் ஆகிறது. இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அந்த விறைத்த குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ள வேண்டும். டயாலிசிஸ் நோயாளிகளைச் சிறுநீரகம் கொல்வதைவிட இதயமும் ரத்தக்குழாயும் கொல்வதுதான் அதிகம். மேல்நாட்டுக் கணக்குகளில் மரணங்களில் ஏறத்தாழ பாதி இப்படித்தான்.

ஏன் படிகிறது? கெட்டுப்போன சிறுநீரகம் பாஸ்பரஸை வெளியேற்றுவதில்லை. ரத்தத்தில் தேங்கிய பாஸ்பரஸ் கால்சியத்தோடு சேர்கிறது. குழாய்ச் சுவரில் உள்ள தசைச் செல்கள் பாஸ்பரஸ் மிகுதியால் தங்கள் குணம் மாறி எலும்புச் செல் மாதிரி நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. இது வரைக்கும் டயாலிசிஸ் குடும்பங்கள் எல்லோருக்கும் தெரியும். பாஸ்பரஸ் எவ்வளவு, கால்சியம் எவ்வளவு என்று பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொள்ளாத நாள் இல்லை. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி.

எனக்குத் தெரியாமல் இருந்தது மூன்றாவது ஒரு சரக்கைப் பற்றி. மெக்னீசியம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மெக்னீசிய நாடாவைக் கொளுத்திக் காட்டியிருக்கிறேன், கண் கூசும் வெள்ளை வெளிச்சம் வரும். அதே உலோகம் நம் உடம்பில் சுமார் 25 கிராம் இருக்கிறது. பாதிக்கு மேல் எலும்பில், ரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்து கெட்டியான படிகமாவதை இது நடுவில் புகுந்து தாமதப்படுத்துகிறது. பரிசோதனைச் சாலையில் குழாய்த் தசைச் செல்களை பாஸ்பரஸ் மிகுந்த திரவத்தில் வளர்த்தால் சுண்ணாம்பு படிகிறது, அதே திரவத்தில் மெக்னீசியத்தைக் கூட்டினால் படிவது குறைகிறது.

இது புதிய சங்கதியும் அல்ல. 1987லேயே கனடாவில் டொராண்டோ டாக்டர்கள், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்துகொண்டவர்களின் எக்ஸ்ரேக்களை வருடக்கணக்கில் ஒப்பிட்டு, மெக்னீசியம் சற்று அதிகமாக இருந்தவர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு குறைவு என்று எழுதினார்கள். 2007இல் ஜப்பானில், ஒஸாகாவில், எங்கள் எலும்பு டாக்டர் பார்த்ததைப் போலவே கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து அதையே சொன்னார்கள். 2013இல் ஜப்பானியர்கள் தங்கள் நாட்டு டயாலிசிஸ் பதிவேட்டிலிருந்து 1,40,000க்கும் மேற்பட்டவர்களை எடுத்துக் கணக்குப் பார்த்தார்கள். மெக்னீசியம் குறைந்தவர்கள் அதிகம் இறந்தார்கள். மிக அதிகமாக இருந்தவர்களும் அப்படியே. நார்மல் என்று நாம் சொல்லும் அளவின் மேல்விளிம்பை ஒட்டி, அதைச் சற்றே தாண்டி இருந்தவர்கள்தான் நன்றாக இருந்தார்கள்.

அப்படியானால் மெக்னீசிய மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டால் போயிற்று என்று நானும்தான் நினைத்தேன். அங்கேதான் கதை சிக்கலாகிறது. டயாலிசிஸுக்கு இன்னும் போகாத சிறுநீரக நோயாளிகளுக்கு ஜப்பானில் மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள், இதயக் குழாயில் சுண்ணாம்பு சேரும் வேகம் குறைந்தது என்று 2019இல் முடிவு வெளிவந்தது. டென்மார்க், நார்வே டாக்டர்கள் அதே மாதிரி நோயாளிகளுக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2023இல் வந்த அவர்கள் முடிவு, ஒரு வித்தியாசமும் இல்லை என்பது. ஆகவே குறைவாக இருப்பவர்களுக்கு ஆபத்து அதிகம் என்பது நிலைத்து நிற்கிறது. மாத்திரை விழுங்கினால் அந்த ஆபத்து விலகிவிடும் என்பது நிலைக்கவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். வாட்ஸ்அப்பில் எனக்கு வாரம் ஒன்று வருகிறது.

பிறகு எதற்கு இவ்வளவு எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். எதைக் கொடுப்பது என்பதைப் பற்றி நான் எழுதவில்லை. இருப்பதை நாம் பார்ப்பதே இல்லை என்பதைப் பற்றி எழுதுகிறேன். இவருடைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகக் கோத்து வைத்திருக்கிறேன். அந்த எக்ஸ்ரேக்குப் பிறகு ஒரு ராத்திரி உட்கார்ந்து முதல் தாளிலிருந்து புரட்டினேன். ஹீமோகுளோபின், யூரியா, கிரியேட்டினின், பொட்டாசியம், கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச். எல்லாம் இருந்தன. மெக்னீசியம் என்ற வரி ஒரு தாளில்கூட இல்லை. கேட்டபோது, "அது பேனலில் இல்லை அம்மா" என்றார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல முடியாது. எலும்பு, சுண்ணாம்புக் கோளாறுகளுக்கென 2017இல் திருத்தி வெளியிட்ட சர்வதேச வழிகாட்டு நெறிகளிலேயே தவறாமல் பார்க்கச் சொல்வது கால்சியம், பாஸ்பரஸ், பி.டி.எச்., ஆல்கலைன் பாஸ்படேஸ் ஆகியவற்றைத்தான்.

நான் பிடிவாதக்காரி. டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கி வெளியே ஒரு லேபில் கொடுத்தேன். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிட்டது. 1.5 வந்தது. லேபின் தாளில் நார்மல் என்று போட்டிருந்தது 1.7லிருந்து 2.4 வரை.

சிறுநீரகம் கெட்டால் மெக்னீசியம் தேங்கத்தானே வேண்டும்? வேண்டும். ஆனால் டயாலிசிஸ் அதை எடுத்துவிடுகிறது. நிமிடத்துக்கு 500 மில்லி என்று ஓடினால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் திரவம் ரத்தத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடி முடிகிறது. நம் வீட்டு டிரம் நிறையத் தண்ணீர். அந்தத் திரவத்தில் மெக்னீசியம் எவ்வளவு கலந்திருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் ரத்தத்திலும் நிற்கும். மெஷினுக்குப் பக்கத்தில் இரண்டு கேன் வைத்திருப்பார்களே, அதில் ஏ கேனின் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படித்துப் பாருங்கள். சோடியம், பொட்டாசியம், கால்சியத்தோடு மெக்னீசியமும் போட்டிருக்கும். எங்கள் மையத்தில் 0.5. ரத்தத்தில் நிற்க வேண்டிய அளவை அதே கணக்கில் சொன்னால் 0.7லிருந்து 1 வரை. ஏழு வருடம் போல அந்தக் கேனுக்குப் பக்கத்தில் போய் வந்துகொண்டிருந்தேன். ஒரு நாளும் படித்ததில்லை.

அடுத்தது சாப்பாடு. கேழ்வரகு, கீரை, கடலை, எள், பருப்பு, முழுத் தானியம், மெக்னீசியம் இருப்பது இவற்றில்தான். எங்களுக்குக் கொடுத்த உணவுப் பட்டியலில் பொட்டாசியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் பயந்து தடுத்திருப்பதும் இவற்றைத்தான். காய்கறியை நறுக்கி வெந்நீரில் போட்டு வடித்துச் சமைக்கச் சொல்கிறார்கள், சரிதான், அதில் பொட்டாசியத்தோடு மெக்னீசியமும் கொஞ்சம் சாக்கடைக்குப் போகிறது. நம் பெண்கள் பயத்தில் அந்தப் பட்டியலுக்கு மேலேயும் போய்விடுகிறார்கள். தாராவியில் என் பழைய மாணவி ஒருத்தி தன் மாமியாருக்கு மூன்று வேளையும் பாவும் வெறும் சோறுமே கொடுத்துக்கொண்டிருந்தாள். "பருப்பு வேண்டாம்னுட்டாங்க டீச்சர்" என்றாள். பருப்பிலுள்ள பாஸ்பரஸ் முழுதாக உடம்பில் சேர்வதில்லை. கோலா பானத்திலும் பாக்கெட் தீனியிலும் கலக்கும் பாஸ்பேட் உப்புகள்தான் அப்படியே சேர்கின்றன. அந்த மாமியாருக்குப் பேரப்பிள்ளைகள் பாசமாக வாங்கிக் கொடுத்தது என்ன தெரியுமா? அரை கிளாஸ் கோலா, தாகத்துக்கு! இதற்காகக் கீரையும் கேழ்வரகும் இஷ்டப்படி கொடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை, பொட்டாசியம் ஏறினால் ஒரே ராத்திரியில் உயிர் போய்விடும். எவ்வளவு, எப்படி என்று டயட்டீஷியனிடம் வாய் திறந்து கேளுங்கள் என்கிறேன்.

மூன்றாவதாக, கேஸ் மாத்திரை. எனக்கு இன்றும் ஆறவில்லை. காலையில் வெறும் வயிற்றில் போடும் பேண்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரை நம் ஊரில் யார் வீட்டில் இல்லை? இவருக்கு எப்போதோ ஒரு தடவை நெஞ்செரிச்சல் என்று ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்தார். அவர் எழுதியது இரண்டு வாரத்துக்கு. அதன்பின் ஒவ்வொரு டாக்டரும் முன்சீட்டைப் பார்த்து அப்படியே எழுத, மருந்துக் கடைக்காரரும் கொடுக்க, ஐந்து வருடம் ஓடிவிட்டது. அந்த வகை மாத்திரையை நீண்ட காலம் சாப்பிட்டால் குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவது குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2011 மார்ச் மாதத்திலேயே எச்சரித்திருக்கிறது. யாரும் எங்களிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

டாக்டரிடம் அந்த 1.5ஐக் கொண்டுபோய் நீட்டினேன். நல்ல மனுஷர், எரிந்து விழவில்லை. மாத்திரை டப்பாவையே கொண்டுவரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பார்த்தார். கேஸ் மாத்திரையை நிறுத்தி, வேறு வகையில் குறைந்த அளவில் ஒன்று கொடுத்தார். மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் 1.9. இவருக்கு ராத்திரியில் கெண்டைக்கால் இழுப்பது முன்போல் இல்லை. அது இதனால்தானா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கையிலுள்ள தண்டவாளம் அப்படியேதான் இருக்கிறது. படிந்தது கரையும் என்று யாரும் எங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

தாமாகவே டப்பாவைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். வயிற்றில் புண் உள்ளவர்கள், ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அந்த மாத்திரையை நிறுத்தினால் ரத்தப்போக்கு வரலாம். இதற்கு நேர் எதிரான ஆபத்தையும் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஷிப்டில் ஒரு பெரியவர், மாட்டுங்காவிலிருந்து வருகிறவர். தண்ணீர் குறைத்துக் குடிப்பதால் மலச்சிக்கல். வளைகுடாவில் இருக்கும் மகன் போனில் சொன்னான் என்று மில்க் ஆஃப் மெக்னீசியாவை ராத்திரி ராத்திரி இரண்டு மூடி குடித்துவந்திருக்கிறார். ஒரு நாள் வரும்போதே தூங்கி விழுந்தார், பிரஷர் இறங்கிவிட்டது, கையைத் தூக்கக்கூட பலமில்லை. பார்த்தால் மெக்னீசியம் ஏகத்துக்கு ஏறியிருந்தது. டயாலிசிஸே அவரைக் காப்பாற்றியது. நம் பாட்டிமார் பேதிக்குக் கொடுத்த பேதி உப்பும் மெக்னீசியம்தான், கேஸுக்குக் குடிக்கும் பல வெள்ளை மருந்துகளிலும் மெக்னீசியம், அலுமினியம் இரண்டும் உண்டு. வெளியேற்றச் சிறுநீரகம் இல்லாதவருக்கு இவை விளையாட்டுச் சாமான் அல்ல.

சிறுநீரகம் என்றாலே நம்மவர்கள் வேலூருக்கு ரயில் ஏறிய காலம் ஒன்று இருந்தது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான மாற்று அறுவை 1971இல் நடந்தது அந்த சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான். இன்று மும்பையில் டிரஸ்டு நடத்தும் மையங்கள் இருக்கின்றன, 2016இல் மத்திய அரசு தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்தது, மகாராஷ்டிரத்தில் மகாத்மா புலே பெயரிலுள்ள திட்டமும் கைகொடுக்கிறது. கஷ்டப்பட்டாலும் நாற்காலி கிடைக்கிறது. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு என்ன நடக்கிறது என்று கேட்க நம்மில் பாதிப் பேருக்குப் பாஷை இல்லை. ரிப்போர்ட் இங்கிலீஷில். டாக்டர் ஹிந்தியில். சிஸ்டர் மராத்தியில். தாராவி 90 அடி ரோட்டிலிருந்து வரும் அம்மாமார்கள் தாளை என்னிடம் நீட்டி, "டீச்சர், நல்லாயிருக்கான்னு மட்டும் சொல்லுங்க" என்கிறார்கள். நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தையில் எப்படிச் சொல்வது?

நமது சங்கத்துக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன், நிர்வாகக் குழுவினர் கோபிக்க வேண்டாம். விழாவுக்கு விழா பொன்னாடை போர்த்துகிறோம். பட்டிமன்றத்துக்குச் சென்னையிலிருந்து ஆளை வரவழைத்து விமானச் சீட்டும் கொடுக்கிறோம். நானும் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டுகிறவள்தான். அதில் இரண்டு பொன்னாடையைக் குறைத்து, மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நமது சங்கக் கூடத்தைத் திறந்து வையுங்கள். சிறுநீரக நோயாளிகள் குடும்பத்தோடு வரட்டும், ரிப்போர்ட்டையும் மாத்திரை டப்பாவையும் கொண்டுவரட்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம் பிள்ளைகள் எத்தனை பேர் டாக்டராகவும் பார்மசிஸ்டாகவும் இருக்கிறார்கள்! மாதம் ஒருவர் இரண்டு மணி நேரம் வந்து உட்காரலாம். வைத்தியம் செய்ய வேண்டாம். எந்த எண் எதைக் குறிக்கிறது, எந்த மாத்திரை எதற்கு, எது எத்தனை வருடமாக ஓடுகிறது, அடுத்த தடவை டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று தமிழில் சொல்லிக் கொடுத்தால் போதும்.

ஒரு நோட்டுப் புத்தகம் தயாரித்திருக்கிறேன், தமிழில் கட்டம் போட்டு, மாதாமாதம் எண்களை எழுதிக்கொள்ள. மெக்னீசியத்துக்கும் ஒரு கட்டம் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்க சங்கம் முன்வந்தால் சந்தோஷம், இல்லாவிட்டாலும் முதல் ஐம்பது பிரதிக்கு என் பென்ஷன் தாங்கும்.

நோட்டு வேண்டியவர்களும், ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார விருப்பமுள்ள டாக்டர் அன்பர்களும் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம். செவ்வாய், வியாழன், சனி காலையில் என்னைத் தேட வேண்டாம், பெஞ்சில் இருப்பேன். மற்ற நாட்களில் எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன்.